ஜூலையில் பையன்களுக்கு ஒரு வழிகாட்டித் திட்டம் தொடங்கப் போகிறோம், யோசனை சொல்லுங்கள்

பொருநைக்கரை:

வணக்கம். திருநெல்வேலியில் ஒரு சேவைச் சங்கத்தில் இருக்கிறேன். ரோட்டரியா, அரிமாவா என்று கேட்காதீர்கள், இங்கே எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். ஜூலை 1 புதுத் தலைவர் பொறுப்பேற்கிறார். கண் சிகிச்சை முகாம், மரக்கன்று, தையல் மிஷின் எல்லாம் வழக்கம்போல உண்டு. ஆனால் இந்த வருடம் வழி தவறுகிற பையன்களுக்கு ஏதாவது உருப்படியாகச் செய்தே ஆக வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறார், பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்.

பையன்கள் என்றால் யார் என்று தென்மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெயர் பள்ளிப் பதிவேட்டில் இருக்கும், ஆள் வாரத்தில் இரண்டு நாள் வந்தால் அதிகம். கையில் சாதிக் கலரில் கயிறு, போனில் அரிவாளோடு ரீல்ஸ், பொழுது சாய்ந்தால் பாலத்தடியில் கஞ்சாப் பொட்டலம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் கூடப் படிக்கிற மாணவனையே வீடு புகுந்து வெட்டினார்கள், தங்கைக்கும் வெட்டு. அதற்கப்புறம் எங்கள் கூட்டங்களில் இந்தப் பேச்சு அடிக்கடி வரும், சாப்பாடு வந்ததும் போய்விடும்.

இப்போது போட்டு வைத்திருக்கும் திட்டம்: 40 பையன்கள், 40 உறுப்பினர்கள், ஆளுக்கு ஒருவர். முதலில் குற்றாலத்தில் இரண்டு நாள் முகாம், ஒரு தன்னம்பிக்கைப் பேச்சாளர். அப்புறம் பாளையங்கோட்டை மத்திய சிறைக்குள் அனுமதி வாங்கி அழைத்துப்போய்க் காட்டுவது, கம்பிக்குள் இருப்பவர்களைப் பார்த்தால் கொஞ்சமாவது பயம் வரும் என்று. கடைசியில் போலீஸ் அதிகாரி கையால் சான்றிதழ். கையில் இரண்டு லட்சம் இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். திட்டினாலும் பரவாயில்லை.

ஈரோட்டு மாஜி:

திட்டவா கேட்கிறீர்கள், வாங்க. நான் முன்னாள் தலைவர், பாஸ்ட் பிரசிடென்ட் என்று பேட்ஜ் குத்திக்கொண்டு முன்வரிசையில் உட்காரும் சாதி.

ஒன்று மட்டும் சொல்கிறேன். நம் சங்கங்களின் ஆயுள் 12 மாதம். ஜூலை 1 தொடங்கி ஜூன் 30 முடியும், தலைவர் மாறுவார், செயலாளர் மாறுவார், பல சங்கங்களுக்கு மேலே இருக்கும் மாவட்ட ஆளுநரும் மாறுவார். ஜூலையில் பதவியேற்பு விழா, ஆகஸ்டில் கொடியேற்றம், அப்புறம் ஆளுநர் வருகைக்குத் தயாரிப்பு, தீபாவளி, பொங்கல், மார்ச்சில் வருமான வரி. ஏப்ரலில் தலைவருக்கு அவார்டு கணக்கு ஞாபகம் வரும், மே மாதம் குடும்பத்தோடு ஊட்டி. இதில் அந்தப் பையனுக்கு எத்தனை ஞாயிற்றுக்கிழமை மிஞ்சும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். புதுத் தலைவர் வந்தால் "போன வருஷ ப்ராஜெக்ட்" என்று ஒரே வார்த்தையில் மூடிவிடுவார், ஏனென்றால் அதில் அவர் பெயர் இல்லை.

நம் ஊரில் மூன்று தலைவர்களைத் தாண்டி உயிரோடு இருக்கும் திட்டம் எது என்று பாருங்கள். ரத்த வங்கி, டயாலிசிஸ் மையம், மின்மயானம். கட்டடம் இருக்கிறது, கல்வெட்டு இருக்கிறது, அதனால் யாரும் மூட முடியாது. பையன் மேல் கல்வெட்டு பதிக்க முடியாதுங்க.

ஆகவே பணம் பற்றியோ பேச்சாளர் பற்றியோ இப்போது யோசிக்க வேண்டாம். இந்த வருடத் தலைவர், அடுத்தவர், அதற்கும் அடுத்தவர், மூன்று பேரையும் ஒரே மேஜையில் உட்கார வைத்து மூன்று வருடத்துக்கு ஒரே கமிட்டி, ஒரே பொறுப்பாளர் என்று போர்டு மீட்டிங்கில் தீர்மானம் போடுங்கள், மினிட்ஸில் ஏற்றுங்கள். முடியாதென்றால் தையல் மிஷினே கொடுங்கள், அது யாரையும் ஏமாற்றாது.

புள்ளிவிவரப்பித்தன்:

ஈரோட்டார் அனுபவத்தில் சொல்வதை ஆய்வும் சொல்கிறது. நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பெரியவர், ஒரு பிள்ளை என்ற இந்த முறை அமெரிக்காவில் 1904-இல் தொடங்கியது. நியூயார்க் சிறார் நீதிமன்றத்தில் எர்னஸ்ட் கூல்ட்டர் என்ற குமாஸ்தா, தினமும் வந்து நிற்கும் பையன்களைப் பார்த்துவிட்டு, ஒரு தேவாலயத்தின் ஆண்கள் கூட்டத்தில் போய், ஆளுக்கு ஒரு பையனை நண்பனாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டார், கிட்டத்தட்ட 40 பேர் கை தூக்கினார்கள். உங்கள் கணக்கும் 40, தற்செயல்தான். அதிலிருந்து வளர்ந்ததுதான் பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ். 1995-இல் அதைப் பற்றி ஓர் ஆய்வு வந்தது. 10 முதல் 16 வயதுக்குட்பட்ட 959 பிள்ளைகள், குலுக்கல் முறையில் இரண்டு குழு, ஒரு குழுவுக்கு உடனே வழிகாட்டி, இன்னொரு குழு காத்திருப்புப் பட்டியலில். ஒன்றரை வருடம் கழித்துப் பார்த்தால், வழிகாட்டி கிடைத்தவர்களில் போதைப்பொருளைப் புதிதாகத் தொட்டவர்கள் 46 சதவீதம் குறைவு, பள்ளிக்கு மட்டம் போட்ட நாட்கள் பாதிக்கும் குறைவு. இந்த வரியை எல்லாச் சங்கங்களும் பவர்பாயிண்டில் போடுவார்கள்.

அடுத்த வரியை யாரும் போடுவதில்லை. அதே தரவை 2002-இல் கிராஸ்மனும் ரோட்ஸும் திரும்ப எடுத்து, உறவு எவ்வளவு காலம் நீடித்தது என்று பிரித்துப் பார்த்தார்கள். ஒரு வருடத்துக்கு மேல் நீடித்த இடத்தில்தான் பலன். மூன்று மாதத்துக்குள் அறுந்துபோன இடத்தில் பிள்ளைகளின் தன்மதிப்பு முன்னைவிடக் கீழே போயிருந்தது. ஏற்கெனவே அப்பா விட்டுப்போன வீட்டுப் பையனை, அண்ணன் மாதிரி பழகிவிட்டு இன்னொருவரும் விட்டுப்போனால் வேறென்ன ஆகும்.

இதைவிட மோசம் கேம்பிரிட்ஜ்-சாமர்வில் கதை. மாசசூசெட்ஸ், 1939. 506 பையன்களைச் சரிபாதியாகப் பிரித்து ஒரு பாதிக்கு ஆலோசகர், மருத்துவம், டியூஷன், கோடை முகாம் எல்லாம் கொடுத்தார்கள். 1945-இல் முடித்தார்கள். முப்பது வருடம் கழித்து ஜோன் மெக்கார்ட் என்ற ஆய்வாளர் அவர்களைத் தேடிப் பிடித்துப் பார்த்தார், 1978-இல் வெளியிட்டார். "எனக்கு உதவியது" என்று பலர் நன்றியோடு சொன்னார்கள். ஆனால் உதவி பெற்றவர்கள்தான் பல கணக்குகளில் மோசமாக இருந்தார்கள். குறிப்பாக, கோடை முகாமுக்குத் திரும்பத் திரும்ப அனுப்பப்பட்டவர்கள். ஒரே மாதிரி பையன்களை ஒரே இடத்தில் கூட்டி வைத்தால் ராத்திரி விளக்கணைத்த பிறகு யார் யாருக்குப் பாடம் நடத்துகிறார்கள் என்பதுதான் விஷயம். உங்கள் குற்றால முகாமை இந்த வெளிச்சத்தில் கொஞ்சம் பாருங்கள்.

பொருநைக்கரை:

முகாம் விஷயம் புரிகிறது, அதை விட்டுவிடலாம். சிறைக்கு அழைத்துப்போவதில் என்ன தப்பு? போலீஸ் நண்பர் ஒருவரே அதைத்தான் சொன்னார். பயம் என்பது வேண்டாமா?

புள்ளிவிவரப்பித்தன்:

1970-களில் நியூ ஜெர்சியின் ராவே சிறையில் இதைத்தான் செய்தார்கள், ஆயுள் கைதிகளை விட்டுப் பையன்களை மிரட்ட வைத்தார்கள். ஏகப்பட்ட பாராட்டு. அந்த மாதிரித் திட்டங்களின் ஆய்வுகளையெல்லாம் பிற்பாடு ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, போய் வந்தவர்கள் போகாதவர்களைவிட அதிகமாகக் குற்றத்தில் சிக்கியிருந்தார்கள். சும்மா இருப்பதே மேல் என்று முடிவு.

ஓய்வுபெற்ற_நன்னடத்தை:

தம்பி பொருநைக்கரை, நான் வழக்கில் சிக்கிய பிள்ளைகளைக் கவனித்துக்கொள்ளும் நன்னடத்தை அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆய்வெல்லாம் இவர் சொல்லிவிட்டார், நான் நம் ஊர் நடைமுறையைச் சொல்கிறேன்.

உங்கள் நாற்பது பேரில் மூன்று தினுசு இருப்பார்கள், மூன்றையும் ஒரே பையில் போடாதீர்கள். பள்ளிக்கு ஒழுங்காக வராதவன் ஒருவன். அவனுக்கு வீட்டில் என்ன என்று பார்த்தாலே போதும். இரண்டாமவன் பாதுகாப்புத் தேவைப்படுகிறவன், அடி, குடிகார அப்பா, வேலைக்கு அனுப்பிவிட்டார்கள், இப்படி. அது குழந்தைகள் நலக் குழுவின் எல்லை. மூன்றாமவன் மேல் ஏற்கெனவே வழக்கு இருக்கிறது, இளைஞர் நீதிக் குழுமத்தில் விசாரணை நடக்கிறது. இவனை நீங்களாகப் பிடித்து வந்து அண்ணனாக முடியாது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு மூலமாக, குழுமத்துக்குத் தெரிந்துதான் போக வேண்டும். குழுமத்தில் ஒரு நீதித்துறை நடுவரும் இரண்டு சமூகப் பணியாளர்களும் இருப்பார்கள், அந்த இருவரில் ஒருவராவது பெண். அவர்களிடம் முதலில் போய்ப் பேசுங்கள், வரவேற்பார்கள். நன்னடத்தை அலுவலர் ஒருவர் தலையில் எத்தனை கோப்பு என்று தெரிந்தால் நீங்களே பாவப்படுவீர்கள்.

அப்புறம் போட்டோ. இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 74. வழக்கில் சிக்கிய சிறாரின் பெயர், முகவரி, பள்ளி, படம், அடையாளம் தெரியும் எதையும் வெளியிடக் கூடாது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். உங்கள் பட்ஜெட் எவ்வளவு என்றீர்கள்? இரண்டு லட்சம். ஒரு ஃபேஸ்புக் பதிவில் போய்விடும்.

அந்தப் பிரிவு பொருந்தாத பையனாக இருந்தாலும் படம் வேண்டாம். "வழிதவறிய இளைஞர்களுக்கு வழிகாட்டல் விழா" என்று பேனர் போட்டு அதன் கீழே நிற்க வைத்து எடுத்த படத்தை மறுநாள் அவன் வகுப்பில் எல்லோரும் போனில் வைத்திருப்பார்கள். சட்டமே அவனுக்குப் புதிதாகத் தொடங்கும் வாய்ப்பு வேண்டும் என்கிறது, பழைய வழக்கால் பிற்காலத்தில் தகுதியிழப்பு வரக் கூடாது என்று பிரிவு 24 எழுதி வைத்திருக்கிறது. நாம் போய் பேனரில் எழுதுகிறோம்.

தேன்மொழி ஓ.எம்.ஆர்.:

சென்னையிலிருந்து. கண்ணகி நகரில் சில வருடங்களாக வார இறுதி வகுப்பு எடுக்கும் குழுவில் இருக்கிறேன்.

முதல் கேள்வி: பையன்கள், பையன்கள் என்றே எழுதுகிறீர்கள், பெண்பிள்ளைகள் எங்கே? அவர்கள் பாலத்தடியில் நிற்பதில்லை என்பதால் ஆபத்தில் இல்லை என்று அர்த்தமில்லை. பதினாறு வயதில் கல்யாணம் பேசுவார்கள், இல்லாவிட்டால் அதற்குப் பயந்து யாருடனாவது போய்விடுவாள், போக்சோ வழக்காகும், படிப்பு அதோடு நிற்கும். இரண்டு பக்கமும் ஒரே பிள்ளைதான் மாட்டுகிறது. உங்கள் சங்கத்தில் பெண் உறுப்பினர்கள் இருப்பார்கள், இல்லாவிட்டால் "லேடீஸ் விங்" என்று ஏதாவது வைத்திருப்பீர்கள். அவர்களைக் கோலப்போட்டிக்கு மட்டும் கூப்பிடாதீர்கள்.

இரண்டாவது, கண்ணகி நகர் ஒரு பாடம். 2000-த்திலிருந்து நகரத்துக்குள் கூவம் ஓரத்திலும் மற்ற இடங்களிலும் இருந்தவர்களைக் கொண்டுவந்து இங்கே போட்டார்கள். பள்ளி ஒரு பக்கம், வேலை இன்னொரு பக்கம், நடுவில் இரண்டு பஸ். எதிரே ஐ.டி. கம்பெனிகள், அதனால் தன்னார்வலருக்குப் பஞ்சமே இல்லை. ஒரு சனிக்கிழமை நீல டீ-ஷர்ட் வரும், அடுத்த சனிக்கிழமை பச்சை டீ-ஷர்ட். பிள்ளைகள் எங்களை டீ-ஷர்ட் நிறத்தை வைத்துத்தான் கூப்பிடுவார்கள். 2020-இல் சுவர்களில் பெரிய பெரிய ஓவியம் வரைந்தார்கள், அழகாகத்தான் இருக்கிறது, பார்க்க வெளியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். பிள்ளைகளை அதில் நிற்க வைத்து எடுத்த படங்களுக்கு அளவே இல்லை.

ஆனால் அந்த ஊரிலிருந்து 2025 அக்டோபரில் பஹ்ரைன் ஆசிய இளையோர் போட்டிக்குப் போய் ஒரு பெண் கபடியில் தங்கம் வாங்கி வந்தாளே, அது சனிக்கிழமை டீ-ஷர்ட்டால் நடக்கவில்லை. தினமும் காலையும் மாலையும் ஒரே ஆள், ஒரே மண் தரை. இதைச் சொன்னால் எங்கள் குழுவிலேயே சிலருக்குக் கோபம் வரும்.

வியாசை மிட்ஃபீல்டர்:

வியாசர்பாடி. இங்கே எல்லோரும் கொடுக்கிற பக்கத்திலிருந்து பேசுகிறீர்கள், நான் வாங்கின பக்கம்.

எங்கள் பக்கம் முல்லை நகர் கிரவுண்டில் பந்து ஆடித்தான் நிறையப் பேர் மேலே வந்தோம். சங்கக்காரர்கள் வருவார்கள், ஜாமெட்ரி பாக்ஸ் கொடுப்பார்கள். வாங்கும்போது பெட்டியைச் சாய்த்துப் பிடி, லோகோ தெரியணும் என்பார்கள். அதே வாரத்தில் வேறொரு சங்கமும் ஜாமெட்ரி பாக்ஸ். பக்கத்து ஸ்டேஷனரி கடையில் பாதி விலைக்கு விற்று பப்ஸ் தின்றோம், பொய் சொல்ல மாட்டேன்.

வேலைக்கு ஆனது வேறு. ஒரு அண்ணன். துறைமுகத்தில் வேலை, ஷிப்டு முடிந்து நேரா கிரவுண்டுக்கு வருவார். தன்னம்பிக்கைப் பேச்சு ஒன்றும் பேச மாட்டார். நீள நோட்டு ஒன்று வைத்திருப்பார், அதில் பெயரும் தேதியும். யாராவது இரண்டு நாள் வரவில்லையென்றால் ஆட விடாமல் தண்டிக்க மாட்டார், நேராக வீட்டுக்கு வந்து வாசலில் நிற்பார், "இன்னாடா, உடம்பு சரியில்லையா?" அவ்வளவுதான். எங்கள் அம்மா முன்னால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதைவிடக் கிரவுண்டுக்குப் போய்விடுவது சுலபம். ஷூ எல்லாம் ஒரு கோணிப்பையில் அவரிடமே இருக்கும். வீட்டுக்குக் கொடுத்தால் எவனாவது விற்றுவிடுவான் என்று அவருக்குத் தெரியும், ஆனால் அதை ஒருநாளும் வாயால் சொன்னதில்லை.

நான் பத்தாவதில் ஃபெயில். டி.சி. வாங்க வேண்டும், பழைய பள்ளியில் தலைமையாசிரியர் இல்லை, நாளைக்கு வா, நாளைக்கு வா. அண்ணன் ஒரு நாள் லீவு போட்டு என்னோடு வந்து காலையிலிருந்து மத்தியானம் வரை அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சத்தம் போடவில்லை. பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்பதற்காகவே கையெழுத்து வந்தது. அதை வைத்துத்தான் ஐ.டி.ஐ.யில் சேர்ந்தேன். இந்த மாதிரி பெஞ்சில் உட்கார உங்கள் நாற்பது பேரில் எத்தனை பேர் வருவார்கள் அண்ணாச்சி?

கரிசல்_காட்டான்:

யாரும் தொடாத ஒன்றை நான் கேட்கிறேன். உங்கள் சங்கத்தில் உறுப்பினர்கள் யார் யார்? எந்தெந்தச் சமூகம்? தென்மாவட்டத்தில் ஆபத்தில் இருக்கும் பையன் என்றால் பாதி ஆபத்து அவன் கையில் கட்டியிருக்கும் கயிற்றில் இருக்கிறது. கயிறு கட்டிவிட்டவர் ஊரில் மரியாதைப்பட்ட பெரிய மனிதர். அவரே எந்தச் சங்கத்திலும் உறுப்பினராக இருக்கலாம்.

நாங்குநேரிக்குப் பிறகு அரசு நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு போட்டது. 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தார். கலர் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி இதெல்லாம் பள்ளியில் கூடாது, பள்ளிப் பெயர்களில் சாதி கூடாது என்றெல்லாம் பரிந்துரை. உடனே எவ்வளவு எதிர்ப்பு வந்தது என்று பார்த்தோம். அந்த அறிக்கையை உங்கள் சங்கக் கூட்டத்தில் ஒருமுறை வாசிக்க முடியுமா? வாசித்துவிட்டு எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள், அவர்களை மட்டும் வழிகாட்டியாக எடுங்கள். காரின் பின்கண்ணாடியில் "ஆண்ட பரம்பரை" ஸ்டிக்கர் ஒட்டியவர் வந்து அவனுக்கு என்ன வழி காட்டுவார்?

பொருநைக்கரை:

கரிசலாரே, உண்மையைச் சொன்னால் எங்கள் சங்கத்தில் பெரும்பாலும் கடைக்காரர்கள், டாக்டர்கள், இரண்டு மூன்று சமூகத்துக்காரர்கள்தான். பட்டியல் சமூகத்து உறுப்பினர்கள் என்றால் வங்கி மேலாளர் ஒருவர், கல்லூரிப் பேராசிரியர் ஒருவர். அந்தந்தச் சமூகப் பையனுக்கு அந்தந்தச் சமூக வழிகாட்டி என்றால் பிரச்சினை வராது என்று ஒருவர் சொன்னார், எனக்கு அது சரியாகப் படவில்லை. கலந்து கொடுத்தால் பெற்றோர் அனுப்புவார்களா என்றும் தெரியவில்லை.

கரிசல்_காட்டான்:

அவரவர்க்கு அவரவர் என்றால் சாதிச் சங்கமே போதுமே, உங்கள் சங்கம் எதற்கு? கலந்துதான் கொடுக்க வேண்டும். அனுப்ப மறுக்கும் வீடு ஒன்றிரண்டு இருக்கும், அதற்காகத் திட்டத்தையே வளைக்காதீர்கள். முதலில் உறுப்பினர் வீட்டுக்கே பையன் வந்து சாப்பிடட்டும், எந்த டம்ளரில் தண்ணீர் கொடுக்கிறார்கள் என்று அவன் பார்த்துக்கொள்வான்.

ஓய்வுபெற்ற_நன்னடத்தை:

கரிசலார் நோக்கம் புரிகிறது, ஆனால் வீட்டுக்கு அழைத்துப்போவதை நான் தடுப்பேன். பையனும் பெரியவரும் தனியாக, யார் கண்ணுக்கும் படாத இடத்தில் இருக்கவே கூடாது. காரில் தனியாக ஏற்றக் கூடாது. நூலகம், விளையாட்டு மைதானம், பள்ளி வளாகம், டீக்கடை வாசல், இப்படி நாலு பேர் நடமாடும் இடம். வீட்டுச் சாப்பாடு என்றால் ஐந்தாறு பிள்ளைகள், இரண்டு மூன்று பெரியவர்கள் சேர்ந்து. வழிகாட்டியாக வருகிறவருக்குக் காவல்துறைச் சரிபார்ப்புச் சான்று கட்டாயம், அது டாக்டராக இருந்தாலும் சரி, மாவட்ட ஆளுநராக இருந்தாலும் சரி. "என்னையே சந்தேகப்படுகிறீர்களா?" என்று கோபப்படுகிறவரை அங்கேயே கழற்றி விடுங்கள்.

பணம் கடன் கொடுக்கக் கூடாது. போனில் ராத்திரி பத்து மணிக்கு மேல் பேச்சு கூடாது. பாலியல் தொல்லை பற்றிப் பிள்ளை ஏதாவது சொன்னால், குடும்ப மானம் என்று மூடி வைக்கிற வேலை கூடாது. போக்சோ சட்டப்படி தெரிந்தும் தகவல் கொடுக்காமலிருப்பதே குற்றம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை முதல் நாளே பிள்ளைகள் போனில் பதிய வையுங்கள்.

ஸ்கார்பரோ சிவா:

ரொறன்ரோவிலிருந்து எழுதுகிறேன். உங்கட ஊர்ச் சங்கங்கள் பற்றி எனக்கு அதிகம் தெரியாது, ஆனால் தொண்ணூறுகளின் கடைசியில் இஞ்சை எங்கட தமிழ்ப் பெடியன்கள் கோஷ்டி கோஷ்டியாக வெட்டுப்பட்ட காலத்தை நேரில் பார்த்தவன். யுத்தத்துக்குள்ளாலே வந்த பிள்ளைகள். தாயும் தகப்பனும் இரண்டு வேலை, மூன்று வேலை. வீட்டில் ஆள் இல்லை, பள்ளிக்கூடத்தில் பாஷை இல்லை, கோஷ்டிக்காரர் மட்டும்தான் "எங்கட ஆள்" என்று சேர்த்துக்கொண்டார்கள்.

பெரியவர்கள் கோயிலிலும் கலைவிழாவிலும் மேடையேறி பெடியன்களுக்குப் புத்தி சொன்னார்கள், ஒருத்தரும் கேட்கவில்லை. பிறகு 1998-இல் இளையவர்களே சேர்ந்து கனடியத் தமிழ் இளையோர் மேம்பாட்டு மையத்தைத் தொடங்கினார்கள். இருபது, இருபத்திரண்டு வயது, பல்கலைக்கழகத்தில் படிக்கிறவர்கள், அதே அடுக்குமாடிகளில் வளர்ந்தவர்கள். பள்ளிக்கூடம் முடிந்த நேரத்தில் வீட்டுப்பாடம், விளையாட்டு, கதைக்கிறதுக்கு ஆள். வயது நெருக்கமாக இருந்ததால் பிள்ளைகள் வாய் திறந்தார்கள். அது ஒன்றாலேதான் சண்டை நின்றது என்று சொல்ல மாட்டேன், பொலிஸ் கைதுகள், நாடு கடத்தல் என்று வேறு கனக்க நடந்தது. ஆனால் எனக்குத் தெரிந்த சில குடும்பங்களில் அந்த அண்ணாக்களாலும் அக்காக்களாலும் மாறின பிள்ளைகள் இருக்கிறார்கள்.

நான் கேட்கிறது, ஐம்பத்தைந்து வயது நகைக்கடை முதலாளி ஏன் நேரே வழிகாட்டியாக வேண்டும்? அவர் காசும் செல்வாக்கும் தரட்டும். பிள்ளையோடு இருக்கிறதுக்கு அந்த ஊர் இளையவர்களைப் பிடியுங்கள்.

தேன்மொழி ஓ.எம்.ஆர்.:

சிவா அண்ணா சொல்வது இங்கேயும் நடந்ததுதான். கொரோனாவுக்குப் பிறகு 2021 அக்டோபரில் தெருவிலேயே மாலை வகுப்பு எடுக்கும் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தை அரசு தொடங்கியதே, அதில் வந்தவர்கள் பெரும்பாலும் அதே தெருப் பெண்கள். மாதம் 1,000 ரூபாய். நிறையப் பேர் பட்டம் முடித்துவிட்டு வீட்டில் இருந்தவர்கள். பிள்ளை வரவில்லையென்றால் தெரு முனையிலிருந்தே குரல் கொடுப்பார்கள். உங்கள் இரண்டு லட்சத்தைப் பேச்சாளருக்கும் குற்றாலத்துக்கும் கொடுக்காமல், அந்தத் தெருவிலேயே ஐந்து பேருக்கு மாதாமாதம் கொடுத்தால் எவ்வளவு காலம் ஓடும் என்று கணக்குப் போடுங்கள்.

அரிமா_ராஜா:

இதுவரை வாசித்துவிட்டு எரிச்சலோடு எழுதுகிறேன். சங்கக்காரர்களை எல்லோரும் பேனர், பொன்னாடை என்று நக்கலடிப்பது சுலபம். நாற்பது பேர் சொந்தக் காசையும் ஞாயிற்றுக்கிழமையையும் தருகிறேன் என்று முன்வருவது இந்தக் காலத்தில் எவ்வளவு பெரிய விஷயம்? அமெரிக்க ஆய்வைக் காட்டி, சட்டத்தைக் காட்டி, சாதியைக் காட்டி எல்லாவற்றையும் பயமுறுத்திவிட்டால் கடைசியில் அவர்கள் அன்னதானம் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். பையன் பாலத்தடியிலேயே இருப்பான். ஒன்றும் செய்யாததற்கு ஏதோ ஒன்று மேல். படம் போடுவதிலும் என்ன தப்பு, படம் வந்தால்தான் அடுத்த நன்கொடையாளர் வருவார். இது நடைமுறை.

புள்ளிவிவரப்பித்தன்:

"ஒன்றும் செய்யாததற்கு ஏதோ ஒன்று மேல்" என்பதைத்தான் சாமர்வில் கணக்கு பொய்யாக்கியது. அதற்காக எதுவும் செய்யாதீர்கள் என்று சொல்லவில்லை. நாற்பதைப் பத்தாக்குங்கள் என்கிறேன்.

ஈரோட்டு மாஜி:

அரிமா ராஜா சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். நம்மாட்கள் இல்லாவிட்டால் இந்த நாட்டில் எத்தனையோ ஊரில் கண் ஆபரேஷனே நடந்திருக்காது. ஆனால் கண் ஆபரேஷன் ஒரே நாளில் முடிகிற வேலை. அதில் நாம் கெட்டிக்காரர்கள். பஸ் ஏற்பாடு, பந்தல், டாக்டர், சாப்பாடு, சாயங்காலம் பந்தலைப் பிரித்தால் வேலை முடிந்தது. இந்த வேலைக்குப் பந்தலே கிடையாது, அதுதான் நம் ஆட்களுக்குப் பிடிபடாது.

நன்கொடையாளர் படம் கேட்டால் நோட்டைக் காட்டுங்கள், வியாசைத் தம்பி சொன்ன நீள நோட்டு. இத்தனை வாரம், இத்தனை பேர் வந்தார்கள் என்று. அதைப் பார்த்துப் பணம் தராத ஆளிடம் வாங்க வேண்டாம்.

வியாசை மிட்ஃபீல்டர்:

போலீஸ் கையால் சான்றிதழ் என்பதையும் யோசிங்க. போலீஸ் மேல் எனக்குக் கோபமில்லை. போலீஸ் சிறார் மன்றத்தில் கேரம் ஆடித்தான் வளர்ந்தேன், 2022-இல் சென்னையில் 100 பள்ளிகளில் போலீஸே சிற்பி என்று மாணவர்களுக்கு ஒரு திட்டம் ஆரம்பித்தார்கள், எங்கள் பக்கத்துப் பையன்களும் அதில் இருந்தார்கள், நல்லாத்தான் இருந்தது. ஆனால் ஸ்டேஷனில் அடி வாங்கின பையன் அதே யூனிபார்ம் கையால் சான்றிதழ் வாங்க மாட்டான், அன்றைக்கு வரவே மாட்டான். அவன்தான் உங்களுக்கு வேண்டிய பையன்.

பொருநைக்கரை:

எல்லோருக்கும் நன்றி, நேற்று போர்டு மீட்டிங் முடிந்தது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

முகாமும் சிறைப் பயணமும் போய்விட்டன. சிறையை விடுவதற்குத்தான் அதிகச் சண்டை. நாற்பது பன்னிரண்டாகிவிட்டது, ஏழு பையன்கள், ஐந்து பெண்பிள்ளைகள். இரண்டு அரசுப் பள்ளித் தலைமையாசிரியர்களிடம் கேட்டுத்தான் எடுப்போம், வழக்கில் இருப்பவர்களை இப்போதைக்கு எடுக்கவில்லை. ஐயா சொன்ன மாதிரி குழந்தைகள் பாதுகாப்பு அலகில் போய்ப் பேசிவிட்டு அடுத்த வருடம் பார்க்கலாம் என்று முடிவு. பிள்ளைகளோடு நேரடியாக இருக்க அந்தந்தப் பகுதியிலேயே நான்கு பேர், இரண்டு பெண்கள், இரண்டு ஆண்கள், இரண்டு பேர் இல்லம் தேடிக் கல்வியில் இருந்தவர்கள். மாதம் ஆளுக்கு 1,500. உறுப்பினர்களில் பன்னிரண்டு பேர் "பெஞ்சில் உட்காருகிறவர்கள்". சாதிச் சான்றிதழ், வங்கிக் கணக்கு, ஐ.டி.ஐ. விண்ணப்பம், தமிழ்ப் புதல்வன், புதுமைப் பெண் உதவித்தொகை, அதற்கெல்லாம் கூடப் போவது அவர்கள் வேலை. சமூகம் பார்த்துப் பிரிக்கவில்லை. இதைச் சொன்னதும் இரண்டு பேர் தங்களுக்கு நேரமில்லை என்றார்கள். சரி என்றுவிட்டேன்.

மூன்று வருடத் தீர்மானம்தான் இழுபறி. அடுத்த வருடத் தலைவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். அதற்கடுத்தவர், "அப்போ பார்க்கலாம்" என்கிறார். அவருக்குக் கண்தான வாகனம் வாங்க வேண்டும் என்று ஆசை.

ஈரோட்டு மாஜி:

மாதம் 1,500 வீதம் நான்கு பேர் என்றால் வருடத்துக்கு 72,000. இரண்டு லட்சத்தில் இரண்டே முக்கால் வருடம் வரும், சில்லறைச் செலவையும் சேர்த்தால் இரண்டரை. பணத்தை இப்போதே சங்கக் கணக்கிலிருந்து பிரித்து, உங்கள் அறக்கட்டளை இருந்தால் அதன் பெயரில் இந்தத் திட்டத்துக்கு மட்டும் என்று தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள். ஆடிட்டரிடம் கேட்டுத் தீர்மானத்தின் வாசகத்தைச் சரியாக எழுதுங்கள். மூன்றாவது தலைவர் கையெழுத்துப் போடாவிட்டாலும் அவரால் அந்தப் பணத்தில் வாகனம் வாங்க முடியாது. அந்த மீதி ஆறு மாதத்தை நானும் இன்னும் இரண்டு மாஜிகளும் பார்த்துக்கொள்கிறோம், தனிச்செய்தியில் கணக்கு எண் அனுப்புங்கள்.

வியாசை மிட்ஃபீல்டர்:

ஐந்து மணிக்குத் தொடங்குகிற மாதிரி வைங்க, ஆறு மணி என்றால் பாலத்தடிக்காரன் முந்திவிடுவான்.